தொடங்கியது கடனாகுமா?

நாமாக விரும்பி ஒரு காரியத்தைத் தொடங்குகிறோம். எவரும் நம்மை ஏவவில்லை. தொடங்காமல் இருந்திருந்தால் குற்றமும் இல்லை. ஆனால் தொடங்கிவிட்டோம், இப்போது பாதியில் நிற்கிறோம். இனி அதை முடிப்பது நம்மீது கடமையா? அல்லது விட்டுவிட நமக்கு உரிமை உண்டா? தொடக்கத்தில் இல்லாத கடமை நடுவில் எங்கிருந்து வந்தது?

கேள்வி சிறிதாகத் தோன்றலாம். மார்க்கச் சட்ட அறிஞர்களாகிய புகஹாக்கள் இதைச் சிறிதாகக் கருதவில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இதில் இரு தரப்பாக நின்று வாதித்து வந்திருக்கிறார்கள். நானும் இருபத்தைந்து ஆண்டுகளாக இந்தப் பாடத்தை மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். எனினும் இதன் முழுப்பொருள் எனக்கு விளங்கியது கிதாபின் பக்கத்தில் அன்று. எங்கள் செஞ்சிக் கோட்டையின் மூன்று மலைகளையும் ஒரே நாளில் சுற்றி வந்தபோது. இன்னும் சரியாகச் சொன்னால், சுற்றி முடித்து, வென்றுவிட்டோம் என்று மகிழ்ந்து, வீடு திரும்பிய பிறகே விளங்கியது. ஆகவே முதலில் அந்த நடையைச் சொல்லிவிட்டுப் பிறகு கேள்விக்கு வருகிறேன்.

செஞ்சியைப் பாராத வாசகர்களுக்காக ஊரின் அமைப்பைச் சற்றுக் கூற வேண்டும். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலை, ஊரைக் கடந்ததும் கோட்டை மதிலை ஊடறுத்துக்கொண்டு போகிறது. சாலைக்கு வடக்கே கிருஷ்ணகிரி. தெற்கே மேற்குப் பக்கமாக ராஜகிரி. கிழக்குப் பக்கமாகச் சந்திராயன் துர்க்கம். மூன்றும் பெரும் பாறைகளை அள்ளிக் குவித்தாற்போன்ற கருங்கல் மலைகள். ராஜகிரி ஏறத்தாழ 800 அடி உயரம். மற்ற இரண்டும் அதனினும் தாழ்ந்தவை. இம்மூன்றையும் இணைத்து முக்கோணமாக ஏறியும் இறங்கியும் ஓடும் மதில்களின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். அவற்றுக்குள் அடங்கிய பரப்பு ஏறத்தாழ 11 சதுர கிலோமீட்டர். நாயக்கர்கள் ஆண்ட இக்கோட்டையை 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படையும், 1677இல் சிவாஜியும், 1698இல் மொகலாயரும், 1750இல் பிரெஞ்சுக்காரரும், 1761இல் ஆங்கிலேயரும் கைப்பற்றினர். 2025ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் மராட்டியரின் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழகத்துக்கு உரியதாக இருந்தது செஞ்சி ஒன்றே.

இந்த மண்ணில் பிறந்து வளர்ந்த நான் ராஜகிரியில் எத்தனை முறை ஏறினேன் என்பதற்குக் கணக்கில்லை. ஆனால் மூன்று மலைகளையும் ஒரே நாளில் ஏறி இறங்கிச் சுற்றிவர வேண்டும் என்னும் எண்ணம் எனக்குத் தானாக உதிக்கவில்லை. என்னிடம் ஓதிய பழைய மாணவர் ஒருவர் மேற்படிப்புக்காக ஸ்காட்லாந்தில் இரண்டாண்டு இருந்துவிட்டு வந்தார். அந்நாட்டவர் ஒரு பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைமுகடுகளில் ஏறி, முகடு விட்டு முகடு நடந்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருவதைப் பெரும் சாதனையாகக் கொள்கிறார்களாம். கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கில் ‘ஸ்டீல் வளையம்’ என்று ஒரு சுற்று உண்டு. ஏறத்தாழ 16 கிலோமீட்டர்; 3000 அடிக்கு மேற்பட்ட நான்கு சிகரங்கள்; நடுவில் ‘சாத்தானின் முகடு’ என்று பெயர் பெற்ற, இருபுறமும் சரிந்த ஒடுங்கிய விளிம்பு. அதைச் சுற்றி வந்த கதையை அவர் சொல்லிவிட்டு, “ஹஸ்ரத், நம் ஊரிலேயே ஒரு வளையம் இருக்கிறதே, யாராவது சுற்றியிருக்கிறார்களா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி என்னைப் பற்றிக்கொண்டது.

இது நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மாசி மாதக் கடைசி. நாங்கள் நால்வர்: அந்த மாணவர், அவருடைய தம்பி, நான், என் நண்பரான தமிழாசிரியர். அவரை ஊரார் புலவர் என்றே அழைப்பார்கள். நானும் அவ்வாறே இங்கே குறிக்கிறேன். என்னைவிட ஐந்து வயது மூத்தவர். நான் அறபு இலக்கணத்தில் ஐயம் தீர்க்க அவருக்கு உதவியதில்லை. அவர் தமிழ் இலக்கணத்தில் எனக்குத் தீர்த்த ஐயங்களுக்கோ அளவில்லை. “நீங்கள் நடந்தால் நானும் நடப்பேன்” என்று அவராகவே சேர்ந்துகொண்டார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நான் இதைத் தெருவில் பலரிடம் சொல்லிவிட்டேன். இதனையும் மறைக்காமல் குறிப்பிட வேண்டும். ஏனெனில் பிறகு நடந்ததில் இதற்கும் பங்குண்டு.

வாயில் திறந்ததும் கல்யாண மகாலைக் கடந்து ராஜகிரியில் ஏறினோம். உச்சிக்குச் சற்று முன்னே மலை இரண்டாகப் பிளந்து கிடக்கும் பிலத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்தபோது வெயில் இதமாகவே இருந்தது. இறங்கி, மதிலோரமாகச் சந்திராயன் துர்க்கத்தை நோக்கி நடந்தபோது நிலைமை மாறியது. அந்த மலைக்குச் சுற்றுலா வருவோர் எவரும் போவதில்லை. படிகள் சிதைந்து முட்புதர் மண்டிக் கிடக்கும். பாறை சுடத் தொடங்கிவிட்டது. புலவர் தம் தண்ணீரைச் சிறியவர்களுக்குக் கொடுத்துவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது என்பதும் தெரியும். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டு இரண்டு இட்டிலியோடு எழுந்து வந்தார் என்பது மட்டும் தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

துர்க்கத்திலிருந்து இறங்கிப் புதுச்சேரி வாயிலின் பக்கம் நிழலில் லுஹர் தொழுதுவிட்டுச் சாலைக்கு வந்தோம். அங்கே ஒரு புளியமரத்தடியில் புலவர் உட்கார்ந்துவிட்டார். “எனக்குப் போதும், ஹஸ்ரத். கிருஷ்ணகிரியை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். பேருந்து வரும், நான் ஊருக்குள் போய்விடுகிறேன்” என்றார். முகம் வெளிறியிருந்தது, நெற்றியில் வியர்வை இருந்தது. ஆனால் சிரித்தபடியே சொன்னார். நான் ஒரு கணம் தயங்கினேன். எதிரே கிருஷ்ணகிரியின் படிகள் தெரிந்தன. மூன்றில் இரண்டு முடிந்துவிட்டது; மிகக் கடினமானவை அவ்விரண்டுமே. “சரி ஐயா, மெல்லப் போங்கள்” என்று கூறிவிட்டுச் சாலையைக் கடந்தேன்.

கிருஷ்ணகிரி உச்சியில் குவிமாடம் கொண்ட மண்டபம் ஒன்று உண்டு. அதில் நின்றால் நாற்புறமும் தெரியும். சாலை தெரிந்தது, புளியமரமும் தெரிந்தது. மரத்தடியில் ஆள் இல்லை. பேருந்து ஏறிவிட்டார் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வாறு எண்ணிக்கொள்ள விரும்பினேன் என்பதே உண்மை. பிறகு இறங்கி, மேற்கே நடந்து, மாலையில் கல்யாண மகாலுக்கு எதிரே புறப்பட்ட இடத்தை அடைந்தோம். இளைஞர்கள் என் கையைப் பற்றிக் குலுக்கினார்கள்.

வீட்டு வாசலில் செய்தி காத்திருந்தது. நாங்கள் சாலையைக் கடந்த சிறிது நேரத்தில் புலவர் மயங்கி விழுந்திருக்கிறார். அவ்வழியே மணிலா மூட்டை ஏற்றி வந்த வண்டிக்காரர் ஒருவர், இன்னார் என்று அறியாமலே, அவரைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்திருக்கிறார். சர்க்கரை வெகுவாகக் குறைந்துவிட்டது என்றார்கள். சற்று நேரம் சென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் சொன்னார்கள். இறைவன் காத்தான். இரண்டு நாளில் வீடு திரும்பினார். எவரையும் அவர் நொந்துகொள்ளவில்லை. வந்து பார்த்தவர்களிடமெல்லாம், “நான்தான் அவர்களைப் போகச் சொன்னேன்” என்றார்.

நானும் அதையே பற்றுக்கோடாகக் கொண்டேன். அவரே போகச் சொன்னார். நான் தொடங்கியதை முடித்தேன். இதில் என் தவறு என்ன?

இனி, கேள்விக்கு வருவோம்.

கடமையல்லாத உபரி வணக்கத்தை நபில் என்கிறோம். ஒருவர் நபில் நோன்பு வைத்துவிட்டு நடுப்பகலில் முறித்துவிடலாமா? எங்கள் பக்கத்தில் மிகுதியாகப் பின்பற்றப்படும் ஹனபி மத்ஹபின்படி கூடாது. தொடங்குவதற்கு முன் அது உபரி. தொடங்கிய பின் முடிப்பது வாஜிபு. முறித்தால் மற்றொரு நாள் கழா செய்ய வேண்டும். அவர்கள் கூறும் காரணம் ஆழமானது. ஒருவர் வாயால் நேர்ச்சை செய்தாலே, முன்பு கடமையல்லாதது அவர்மீது கடமையாகிவிடுகிறது. வெறும் சொல்லுக்கே அத்தனை வலிமை இருக்குமானால், செயலால் தொடங்கியதற்கு எவ்வளவு வலிமை இருக்க வேண்டும்! செய்த நற்செயல்களை வீணாக்கிவிட வேண்டாம் என்னும் கருத்துடைய இறைவசனத்தையும் ஆதாரமாகக் காட்டுவார்கள்.

காயல்பட்டினம், கீழக்கரை முதலிய கடற்கரை ஊர்களில் பரவியுள்ள ஷாபிஈ மத்ஹபினர் இதனை ஏற்பதில்லை. உபரியாக நோன்பிருப்பவர் தம் விஷயத்தில் தாமே அதிகாரம் உடையவர் என்னும் கருத்துள்ள நபிமொழி அவர்களுக்கு ஆதாரம். தொடக்கம் எவ்வாறு உபரியோ, தொடர்ச்சியும் அவ்வாறே உபரி. முடிப்பது சிறப்பு, ஆனால் கடன் அன்று. எனினும் ஹஜ்ஜையும் உம்ராவையும் அவர்கள் விலக்காக வைக்கிறார்கள். அவற்றை உபரியாகத் தொடங்கினாலும் முடித்தே தீர வேண்டும்.

நான் ஹனபி மத்ஹபில் வளர்ந்தவன். தொடங்கியது கடனாகும் என்பது எனக்குச் சட்டம் மட்டும் அன்று, இயல்பே ஆகிவிட்டது. அரைகுறையாக விட்டவர்களை எனக்குப் பிடிக்காது. மூன்றாம் ஆண்டு ஓதிக்கொண்டிருந்த மாணவர் ஒருவர், தாயார் படுக்கையில் விழுந்துவிட்டதால் நான்கு மாதம் விடுப்புக் கேட்டு நின்றார். கல்வியைப் பாதியில் விடுகிறவனுக்குப் பரக்கத் ஏது என்று கடிந்துகொண்டேன். அவர் போனார், பிறகு திரும்பவேயில்லை. தாயாருக்காகச் சென்றதால் திரும்பாமல் இருந்தாரா, நான் பேசிய சொல்லால் திரும்பாமல் இருந்தாரா என்பதை அக்காலத்தில் நான் என்னையே கேட்டுக்கொள்ளவில்லை. புலவர் விழுந்த பிறகுதான் கேட்டேன்.

ஏனெனில் என் சட்டத்தையே நான் பாதிதான் நினைவில் வைத்திருந்தேன். தொடங்கியது கடனாகும் என்று கூறும் அதே ஹனபி நூல்கள் அடுத்த வரிசையில் உத்ருகளை, அதாவது தகுந்த காரணங்களை, எண்ணிக் காட்டுகின்றன. அவற்றுள் விருந்தும் ஒன்று. விருந்தாளி வந்து, இவர் உடன் உண்ணாததால் அவர் மனம் வருந்துமானால், உபரி நோன்பை முறித்துவிட்டுப் பிறகு கழா செய்யலாம். இதன் பின்னே அழகிய வரலாறு ஒன்று இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், ஸல்மான் (ரலி) அவர்களையும் அபூதர்தா (ரலி) அவர்களையும் சகோதரர்களாகப் பிணைத்து வைத்தார்கள். ஸல்மான் தம் சகோதரரைக் காணச் சென்றபோது, அவர் விருந்தினருக்கு உணவை வைத்துவிட்டுத் தாம் நோன்பாளி என்றார். அவர் உண்டாலன்றித் தாமும் உண்பதில்லை என்று ஸல்மான் கையை எடுத்துக்கொண்டார். அபூதர்தா தம் நோன்பை விட்டு உண்டார். செய்தி நபிகளாரிடம் சென்றபோது, அவர்கள் ஸல்மான் கூறியதையே சரி என்று ஏற்றார்கள்.

உபரி இருக்கட்டும். பர்ளான தொழுகையில் நிற்பவரின் காதில், நீரில் மூழ்குகிறவரின் கூக்குரல் விழுந்தால் என்ன செய்வது? தொழுகையை முறித்துவிட்டு ஓடிக் காப்பாற்ற வேண்டும் என்பதில் புகஹாக்களுக்குள் ஐயமே இல்லை. இறைவனே கடமையாக்கிய ஒன்றைத் தொடங்கியிருந்தாலும், மனித உயிர் குறுக்கே வந்தால் தொழுகை பின்னர் நிறைவேற்றப்படும். உயிருக்குப் பின்னர் என்பது இல்லை. கழா செய்யக்கூடியதை விட்டு, கழா செய்ய முடியாததைப் பற்றிக்கொள் என்பதே இச்சட்டங்கள் அனைத்தின் சாரம்.

கிருஷ்ணகிரி அடுத்த மாசியிலும் அங்கேயே நின்றிருக்கும். புளியமரத்தடியில் இருந்தவர் நின்றிருப்பார் என்பதற்கு எனக்கு யார் உறுதி கொடுத்தார்கள்?

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘அவர் கூக்குரல் இடவில்லையே! போங்கள் என்றல்லவா சொன்னார்! அனுமதி பெற்றுப் போவதில் குற்றமென்ன?’ இதுவே நான் என்னிடம் மூன்றாண்டுகள் சொல்லிக்கொண்டிருந்த வாதம். அதை உடைத்தவர் புலவரே. ஒருநாள் மாலை, வேறு எதையோ பேசிக்கொண்டிருந்தபோது அவர் கூறினார்: “போகச் சொன்னவன் நான்தான், ஹஸ்ரத். உங்கள் நடை என்னால் கெட்டது என்று ஆகிவிடக் கூடாதே என்ற வெட்கத்தில் சொன்னேன். ஆனால் ஒருமுறையாவது ‘வேண்டாம், சேர்ந்தே போவோம்’ என்பீர்கள் என்று நினைத்தேன்.” அதில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை. பேச்சை உடனே மாற்றிவிட்டார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நான் பல முறை பாடம் நடத்திய ஒரு விதி என் முன்னே வந்து நின்றது. சபையில் பலர் பார்க்க ஒருவரிடம் பொருள் கேட்டு, அவர் மனமின்றி, மறுத்தால் அவமானமே என்ற வெட்கத்தால் கொடுப்பாரானால், அப்பொருள் வாங்கியவருக்கு ஆகுமானதன்று என்று ஷாபிஈ அறிஞர்கள் எழுதுகிறார்கள். வாளைக் காட்டிப் பறித்ததும் வெட்கத்தைக் காட்டிப் பெற்றதும் அவர்களுக்கு ஒன்றே. பொருளுக்கு இந்த விதி என்றால் அனுமதிக்கு இல்லையா? இளைஞர் இருவர் பார்த்துக்கொண்டிருக்க, களைத்த மனிதர் ஒருவர், தம்மால் மூவர் நடை நின்றுவிட்டது என்ற பெயருக்கு அஞ்சிக் கொடுத்த அனுமதியை, மனமுவந்த அனுமதி என்று நான் எடுத்துக்கொண்டேன். அது எனக்கு ஆகுமானதன்று.

வட்டப் பாதைக்கு உரிய சூழ்ச்சி ஒன்றையும் இங்கே கூற வேண்டும். நேர்வழியில் நடப்பவர், திரும்புவது எது, முன்னேறுவது எது என்பதைத் தெளிவாக அறிவார். வட்டத்தில் பாதியைக் கடந்தவருக்கு அந்தத் தெளிவு இல்லை. முன்னே போவதே வீடு திரும்புவதாகவும் தோன்றும். ‘எப்படியும் திரும்பத்தானே வேண்டும், முன்வழியாகவே திரும்புவோமே’ என்று மனம் நியாயம் கூறும். பெருமைக்காகச் செய்வது இன்றியமையாததுபோல் வேடம் பூணும். அன்று எனக்கும் அவ்வாறே தோன்றியது. ஆனால் சாலை அங்கேயே இருந்தது, பேருந்தும் இருந்தது. இருவருக்கும் அதில் இடமிருந்தது.

முடித்தோம் என்னும் கணக்கு மனிதரை எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதற்கு அந்த ஸ்காட்லாந்து மலைகளே சான்று. 1891இல் சர் ஹியூ மன்ரோ என்பவர் அந்நாட்டில் 3000 அடிக்கு மேற்பட்ட மலைகளுக்கு ஓர் அட்டவணை வெளியிட்டார். அன்று முதல் அவற்றையெல்லாம் ஏறி முடிப்பது பலருக்கு வாழ்நாள் விரதமாயிற்று. அட்டவணை தந்த மன்ரோவோ அதை முடிக்காமலே 1919இல் காலமானார். 1901இல் முதன்முதலாக முடித்தவர் என்று போற்றப்படுபவர் ராபர்ட்சன் என்னும் பாதிரியார். ஆனால் அவருடைய குறிப்புகளைப் பிற்காலத்தில் துருவி ஆராய்ந்தவர்கள், பென் வைவிஸ் என்னும் மலையில் மழை காரணமாக உச்சியைத் தொடாமலே திரும்பிவிட்டாரோ என்று ஐயுறுகிறார்கள். நனைந்துகொண்டு திரும்பிய மனிதர் ஒருவரின் சில நூறு அடிகளைப் பற்றி நூறாண்டுகளுக்குப் பின்னும் வழக்கு நடக்கிறது! மழையில் திரும்பியிருந்தால் அது அறிவுடைமை என்று கூற மட்டும் எவருக்கும் தோன்றவில்லை.

இன்னும் அருகில், எங்கள் கோட்டைச் சுவரிலேயே சான்று உண்டு. 1690இல் பேரரசர் ஔரங்கசீபின் தளபதி ஜுல்பிகார்கான், செஞ்சியில் தங்கியிருந்த மராட்டிய அரசர் ராஜாராமைப் பிடிப்பதற்காக இக்கோட்டையை முற்றுகையிட்டார். ஒரு முற்றுகை எட்டாம் ஆண்டு வரை நீண்டது. 1698இல் கோட்டை விழுந்தது. ஆனால் அதற்குச் சற்று முன்னரே ராஜாராம் வெளியேறிவிட்டார். முடிக்க வேண்டியது முடிந்தது. எதற்காகத் தொடங்கினார்களோ அது கையில் இல்லை. இத்தனை ஆண்டு இச்சமவெளியில் பசியாலும் நோயாலும் மடிந்த வீரர்களும் விளைச்சலை இழந்த உழவர்களும் அந்தக் கணக்கில் எங்கே எழுதப்பட்டார்கள்? தொடங்கிவிட்டோம் என்பதே தொடர்வதற்குக் காரணமாகிவிட்டால், தனிமனிதருக்கும் பேரரசுக்கும் நேர்வது ஒன்றே.

இதற்கு நேர்மாறான சான்றும் இம்மண்ணிலேயே இருக்கிறது. 1714இல் ஆர்க்காட்டு நவாப் சஆதத்துல்லாகானின் பெரும்படையை எதிர்த்து, சிறு குதிரைப்படையோடு புறப்பட்ட இளைஞர் தேசிங்கு. அவர் போரில் மாண்டார். அவருடைய ஆருயிர் நண்பர் மகபத்கான். போர்ச் செய்தி வந்தபோது மகபத்கான் மணக்கோலத்தில் இருந்தார் என்றும், திருமணத்தை விட்டெழுந்து நண்பருக்குத் துணையாகக் குதிரையேறினார் என்றும் நாட்டுப்புறக் கதைப்பாடல் கூறுகிறது. வரலாறு எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்பதை ஆராய்வது என் நோக்கமன்று. மகிழ்ச்சியான காரியம் ஒன்றைத் தொடங்கிவிட்டு, நண்பருக்காக நடுவில் எழுந்த மனிதரை இவ்வட்டார மக்கள் முந்நூறு ஆண்டுகளாகக் கொண்டாடுகிறார்கள் என்பதே நான் காட்ட விரும்புவது. அவர் தொடங்கியதை முடிக்காதவர் என்று எவரும் பழித்ததில்லை. நானோ அந்த நண்பர்கள் திரிந்த மலைகளின் இடையே, நண்பரை மரத்தடியில் விட்டுவிட்டு, தொடங்கியதை முடித்தேன்.

வட்டமாகச் சுற்றுவதே வீண் என்று யாரும் கருத வேண்டாம். எங்களுக்கு மேற்கே திருவண்ணாமலையில் இந்துப் பெருமக்கள் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்புகிறார்கள். நாம் கஅபாவை ஏழுமுறை தவாபு செய்து, தொடங்கிய கல்லின் நேரே வந்து நிற்கிறோம். போய்ச் சேர ஊரில்லாத நடையிலும் மனிதருக்குப் பயனுண்டு. ஆனால் அந்த வட்டத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். தவாபின் நடுவே ஜமாஅத்துக்கு இகாமத் சொல்லப்பட்டால், சுற்றுகிறவர் நின்று தொழுதுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். உம்மு ஸலமா (ரலி) அவர்கள் தமக்கு உடல்நலம் இல்லை என்று முறையிட்டபோது, மக்களுக்குப் பின்னால் வாகனத்தில் அமர்ந்தபடியே தவாபு செய்துகொள்ளுமாறு நபிகளார் கூறினார்கள். நடுவில் நிற்கவும் இடம்தந்து, நலிந்தவரையும் உடன்கொள்ளும் வட்டம் அது. நாங்கள் போட்ட வட்டத்தில் இவ்விரண்டுக்கும் இடமில்லாமல் போயிற்று. குறை வட்டத்தில் இல்லை, நிய்யத்தில் இருந்தது.

ஆக, தொடங்கியது கடனாகுமா? ஆகும் என்றே இப்போதும் கூறுவேன். என் மத்ஹபை நான் விட்டுவிடவில்லை. மனிதர் தொடங்கியதையெல்லாம் தோன்றியபோது கைவிடலாம் என்றால் கல்வியும் இல்லை, குடும்பமும் இல்லை, வாக்கும் இல்லை. ஆனால் அக்கடன் யாருக்கு என்பதை நான் முன்பு தவறாக எண்ணியிருந்தேன். மலைக்குக் கடன்பட்டேன் என்று எண்ணினேன். மலை என்னிடம் எதையும் கேட்கவில்லை. “நீங்கள் நடந்தால் நானும் நடப்பேன்” என்று ஒருவர் சொன்னபோது, நான் தலையசைத்தேனே, அந்தக் கணத்தில்தான் என் கடன் தொடங்கியது. நால்வராகத் தொடங்கிய நடையை மூவராக முடித்தவர்கள் அதை முடித்தவர்களே அல்லர். ஒருவரோடு சேர்ந்து தொடங்கிய காரியத்தில், அந்த ஒருவரை விடுவதுதான் பாதியில் விடுவது. மற்றவற்றுக்கெல்லாம் கழா உண்டு.

விடுப்புக் கேட்டு வரும் மாணவர்களிடம் இப்போது நான் முதலில் கேட்பது, “வீட்டில் யாருக்கு என்ன?” என்பதே. விட்டுப்போகும் பாடத்தைத் திரும்பி வந்ததும் தனியாக நடத்திக் கொடுக்கிறேன். முன்பு போய்த் திரும்பாதவரைத் தேடிச் சென்று மன்னிப்பும் கேட்டேன். அவர் தாயார் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. தேநீர் கொடுத்து அனுப்பினார்.

சென்ற மாசியில் நானும் புலவரும் மீண்டும் அந்தப் புளியமரத்தடிக்குச் சென்றோம். அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது, முழங்கால் ஒத்துழைப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று சாலையைக் கடந்து, கிருஷ்ணகிரியின் முதற் படிகள் வரை மெதுவாக நடந்தோம். இருபது படி ஏறியதும் அவர் உட்கார்ந்தார். “நீங்கள் வேண்டுமானால் போய் வாருங்கள்” என்றார். “வேண்டாம் ஐயா, சேர்ந்தே போவோம்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் கூறாமல் மடியிலிருந்த வேர்க்கடலையை எடுத்துப் பாதியை என் கையில் கொட்டினார். வெயில் ஏறும்முன் இறங்கிச் சாலைக்கு வந்தோம். பேருந்து வந்தது, இருவரும் ஏறிக்கொண்டோம்.